மொழியும் பண்பாடும் சமுதாய அடையாளமும்
(மேட்டூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

'நீ யார்?' என்னும் வினா மிகச் சிறியது. ஆனால் அதற்குரிய விடையோ, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறும் தன்மையது. அயல்நாட்டில் ஒருவர் இவ்வினாவை எழுப்பினால் 'இந்தியன்' என்போம். தில்லியில் கேட்டால் 'தமிழன்' என்போம். சென்னையில் கேட்டால் 'சேலத்துக்காரன்' என்போம். சேலத்தில் கேட்டால் 'மேட்டூர்' என்போம். மேட்டூரிலேயே கேட்டாலோ, இன்ன தெரு, இன்னார் மகன் என்று சொல்லுவோம். மனிதன் ஒருவன், விடைகள் ஐந்து, ஐந்தும் உண்மை.

இவ்வைந்து விடைகளையும் ஒன்றாக இணைத்து நிற்பவை யாவை? மொழியும் பண்பாடுமே என்பர் அறிஞர். இக்கருத்தை நூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. நாம் வாழும் மேட்டூர்ப் பகுதியே அதற்கு நல்லதொரு சான்றாக விளங்குகின்றது. நான் இப்பகுதியில், கைத்தறி நெசவு செய்யும் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். நான் படிப்பதும் எழுதுவதும் சிந்திப்பதும் தமிழில். ஆகவே இப்பொருள் எனக்கு ஏட்டுச் செய்தி மட்டுமன்று, வீட்டுச் செய்தியுமாகும்.

அடையாளம் என்பது யாது?

பெயர், முகம், கைரேகை ஆகியவை தனிமனித அடையாளங்கள். 'நான் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்று ஒருவன் அறிவதும், அதில் பெருமையோ தாழ்வோ கொள்வதும் சமுதாய அடையாளமாகும். இதைத் தனிக் கோட்பாடாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் உளவியல் அறிஞர். போலந்து நாட்டில் பிறந்த யூதரான இவர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தனர். 'மனிதனை மனிதன் எதனால் பிறனாகக் காண்கிறான்?' என்னும் கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவரைக் கொண்டு அவர் ஒரு சோதனை நிகழ்த்தினார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, 'உனக்கு இவர் படம் பிடித்தது, அவனுக்கு அவர் படம் பிடித்தது' என்று சொல்லி மாணவரை இரு குழுவாக்கினார். உண்மையில் அப்பிரிவினை கண்ணை மூடிச் சீட்டெடுத்தது போன்றதே. பிறகு, மற்ற மாணவர்க்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது பெரும்பாலோர் தம் குழுவினர்க்கே கூடுதலாக ஈந்தனர். தம் குழுவிற்குக் கிடைப்பது குறைந்தாலும், எதிர்க்குழுவினும் அது மிகுந்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் பலரிடம் காணப்பட்டது. இவ்வாய்வு 1971-இல் வெளியாயிற்று. முகமறியாத ஓவியரின் பெயரால் இவ்வளவு வேற்றுமை தோன்றுமாயின், தாய் மடியில் கற்ற மொழியின் பெயரால் எவ்வளவு தோன்றும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அணை ஈன்ற ஊர்

மேட்டூரின் இன்றைய உருவம் அணையால் வந்தது. 1925-இல் தொடங்கிய கட்டுமானப் பணி 1934-இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. 120 அடி உயரம் நீர் தேக்கி, 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி கொள்ளும் இவ்வணை தஞ்சைத் தரணிக்குச் சோறிடுவது என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

ஆனால் சோறிட்ட அணை சில ஊர்களை விழுங்கவும் செய்தது. காவிரிக் கரையிலிருந்த சிற்றூர்கள் நீரில் மூழ்கின. மக்கள் மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்தனர். நீர்மட்டம் மிகவும் இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. அவற்றைக் காணத் திரளும் கூட்டத்தில் முதியோர் சிலர், 'எங்க ஊரு அங்கதான் இருந்துச்சு' என்று நீரைச் சுட்டிக் காட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். தாம் பிறந்திராத, தம் பாட்டன் மட்டுமே வாழ்ந்த ஊரை 'எங்க ஊரு' என்று அவர்கள் சொல்கின்றார்கள். நிலம் போன பின்னும் அடையாளம் போகவில்லை. அது சொல்லில் குடியேறிக் கொண்டது.

ஒருபுறம் ஊர்கள் பெயர, மறுபுறம் புதியோர் வந்து குவிந்தனர். அணைப் பணிக்கும், அதன்பின் தோன்றிய இரசாயனம், நூற்பு, அலுமினியம், அனல்மின் உற்பத்தி ஆகிய தொழில்களுக்கும் பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வந்து சேர்ந்தனர். ஆலைக் குடியிருப்புகளில் அடுத்தடுத்த வீடுகளில் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் நெல்லைத் தமிழும் ஒலித்தன. இவ்வாறு, வேரோடு பெயர்ந்தவரும் வேர்விட வந்தவரும் சேர்ந்து உருவாக்கிய ஊர் மேட்டூர்.

வீட்டுமொழியும் வீதிமொழியும்

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேர் தமிழையும், 6 பேர் தெலுங்கையும், 2 பேருக்குச் சற்றுக் குறைவானோர் கன்னடத்தையும் தாய்மொழியாகக் கூறினர். சேலம் வட்டாரத்தில் இக்கலப்பை நெசவாளர் தெருக்களில் கண்கூடாகக் காணலாம். ஒரு தெருவில் தெலுங்கு, ஒரு தெருவில் கன்னடம், இன்னொரு தெருவில் சௌராட்டிரம், மற்றொன்றில் தமிழ். ஆனால் தறியில் அமர்ந்து வணிகரோடும் கூட்டுறவுச் சங்கத்தோடும் பேசும்போது பாவு, ஊடை, நாடா, தார் என்னும் சொற்களே எல்லோர் வாயிலும் வழங்குகின்றன. வீட்டுமொழி நான்காயினும் தொழில்மொழி ஒன்றே.

எங்கள் வீட்டுக் கன்னடத்தைப் பற்றியும் ஒரு சொல். அது பள்ளியில் கற்றதன்று, எழுதி அறிந்ததுமன்று. மைசூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டால் பாதி புரிந்து பாதி சிரிப்பார். ஏனெனில் அதில் பாதி தமிழ்! ஆனால் கன்னடமும் தமிழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அதுவே எனக்குக் கற்பித்தது. தமிழில் 'பால்' என்பது கன்னடத்தில் 'ஹாலு'. 'புலி' என்பது 'ஹுலி'. 'பள்ளி' என்பது 'ஹள்ளி'. பழங்கன்னடத்தில் இச்சொற்களும் தமிழைப் போலவே பகரத்தில்தான் தொடங்கின. பிற்காலத்தில் பகரம் ஹகரமாயிற்று என்பர் மொழிநூலார். 1965 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த தருமபுரிப் பகுதியில் நல்லம்பள்ளி என்றோர் ஊரும் மாரண்டஹள்ளி என்றோர் ஊரும் உள்ளன. பள்ளியும் ஹள்ளியும் ஒரே மாவட்டத்தில்! இம்மண்ணில் இருமொழியும் எவ்வளவு காலமாகக் கைகோத்து நடந்தன என்பதற்கு இவ்வூர்ப் பெயர்களே கல்வெட்டுகள்.

இத்தகைய இல்லங்களில் வளர்பவர்க்கு மொழி, ஆள் பார்த்து மாறும். பாட்டியிடம் கன்னடம், தோழரிடம் தமிழ், வழிபாட்டில் வீட்டுமொழி, வழக்காட்டில் தமிழ். கோபம் வந்தால் எது முந்துகிறதோ அது! இதனால் யாரும் இரண்டுபட்டுப் போவதில்லை. ஒரு கையில் ஐந்து விரல் இருப்பதனால் கை ஐந்தாகி விடுவதில்லை அன்றோ?

வட்டார வழக்கு: நாணமா, பெருமிதமா?

தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டோர்க்கும் இச்சிக்கல் உண்டு. கொங்குச் சாயல் கொண்ட நம் பகுதிப் பேச்சில் திருவிழா 'நோம்பி'. விருந்தினரும் உறவினரும் 'ஒறம்பரை'. மாலை வேளையில் என்பதற்குப் 'பொழுதோட'. தாயைப் பெற்றவர் 'அம்மிச்சி', அவர் கணவர் 'அப்புச்சி'. என் நண்பர் ஒருவர் வெளியூரில் படிக்கையில், வகுப்பில் 'நோம்பிக்கு ஊருக்குப் போனேன்' என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். அன்று முதல் அவர் அச்சொல்லை விட்டுவிட்டார். விடுதியில் 'ஃபெஸ்டிவல்' என்கிறார். அதற்கு யாரும் சிரிப்பதில்லை!

'நோம்பி' என்பது 'நோன்பு' என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் திரிபு. உண்ணாது இருந்து வழிபட்ட நாளே விழா நாளாக மலர்ந்த வரலாறு அச்சொல்லினுள் பொதிந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு அயற்சொல்லை ஏந்துவது, வீட்டு நெல்லைக் கொட்டிவிட்டுக் கடையில் உமி வாங்குவது போலாகும். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது, இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடமளித்தார். இலக்கணமே இருக்கை தந்த சொல்லை வகுப்பறை எழுப்பி விடுவது முறையாகுமா?

பேச்சு வழக்கிற்கும் அடையாளத்திற்கும் உள்ள உறவை மேலைநாட்டார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மொழியியலார் வில்லியம் லபோவ் 1963-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. மாசசூசெட்சு மாநிலத்துக் கடலோரத்தில் மார்த்தாஸ் வின்யார்டு என்றொரு தீவு உண்டு. கோடைதோறும் செல்வர்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்து தங்குவர். இவர்களால் தம் தீவு தம் கையை விட்டுப் போகிறது என்று வருந்திய தீவினர், சில உயிரொலிகளைப் பழைய முறையில் அழுத்தி ஒலிப்பதை லபோவ் கண்டார். தீவிலேயே தங்கி வாழ விரும்பிய இளைஞர் பேச்சில் அவ்வொலி மிகுதி. வெளியேற விரும்பியவர் பேச்சில் குறைவு. 'நான் இம்மண்ணைச் சேர்ந்தவன்' என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஒலியால் சொன்னார்கள்.

சுவிட்சர்லாந்திலும் ஜெர்மன் மொழி பேசும் பகுதியினர் எழுதுவது பொது ஜெர்மன். பேசுவது தத்தம் வட்டார வழக்கு. அங்கே கற்றறிந்தோரும் வழக்கு மொழியில் உரையாட நாணுவதில்லை. எழுத்துமொழி வேறு, பேச்சுமொழி வேறு என்னும் நிலை தமிழர்க்கும் உண்டு. வேறுபாடு, அவர்கள் இரண்டையும் மதிக்கின்றனர் என்பதுதான்.

பண்பாடு என்னும் பொதுக் கூரை

மொழி வேறுபட்டாரையும் பண்பாடு ஒன்றாக்கும். ஆடிப் பதினெட்டாம் நாள் மேட்டூருக்கு வந்து பாருங்கள். சேலம், நாமக்கல், தருமபுரி எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வெள்ளம் திரளும். புதுமணத் தம்பதியர் தாலிக்கயிறு மாற்றுவர். ஊர்ச் சாமிகளின் வேலும் வாளும் தலைச்சுமையாக வந்து காவிரியில் நீராடும். அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் பொங்கல் மணக்கும். கரையில் நிற்போரின் வீட்டுமொழி எது என்று காவிரி கேட்பதில்லை.

இதனினும் வியப்பூட்டுவது மாதேசுவரன் மலை. கருநாடக எல்லைக்குள் உள்ள அம்மலைக்கு நம் பகுதியிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாகப் பேருந்துகள் செல்கின்றன. நடந்தே செல்வோரும் உளர். அம்மலை அமைந்த கொள்ளேகால் வட்டாரம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தில் இருந்தது. அன்று எல்லைக்கோடு மாறியது. பக்தர் வழி மாறவில்லை. மாதேசுவரரின் வரலாற்றைக் கன்னடப் பாணர்கள் நெடுங்கதையாகப் பாடுகின்றனர். தமிழர் மாதேசுவரன் என்றும் மாதப்பன் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடுகின்றனர். இரு மாநிலத்து வீடுகளில் ஒரே பெயர் ஒலிப்பது மொழியின் வேலையன்று, பண்பாட்டின் வேலை.

பிறர் சூட்டும் பெயர்

இதுவரை கூறியவை நாம் நமக்குச் சூட்டிக்கொள்ளும் அடையாளங்கள். ஆயின் சமுதாய அடையாளத்தில் பாதி, பிறர் நமக்குச் சூட்டுவது. அப்பாதியில்தான் இடர் உள்ளது.

முதலாவது, ஏட்டில் எழுதும் பெயர். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மேட்டூருக்கு அண்மையிலுள்ள பாலமலையிலும் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் மலையாளி. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடை வழங்கும் வழிவழிச் செய்தி. பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று மயங்குவோர் இன்றும் உளர். இவர்கள் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டபோது, சேலம், தருமபுரி முதலிய சில மாவட்டங்களின் பெயர்கள் மட்டுமே அப்பட்டியலில் இடம்பெற்றன. கோவை மாவட்டம் அதில் இல்லாமையால், பின்னர் அதிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழ்வோர், அதே பேச்சும் அதே வழிபாடும் உடையராயினும், அவ்வுரிமைக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. கொண்டான் ஒரு மலையிலும் கொடுத்தான் ஒரு மலையிலும் இருக்க, இடையே ஒரு மாவட்ட எல்லை!

கணக்கெடுப்பு ஏட்டிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2011-இல் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. ஆராய்ந்து தொகுத்தபோது அவை 1,369 ஆயின. இறுதியில் 121 மொழிகளுள் அடக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் கூறிய சௌராட்டிரம் குசராத்தியின் கீழ் வைக்கப்பட்டது. தொகுப்பது அரசுக்குத் தேவை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தொகுப்பில் மறைந்த பெயரைச் சொன்னவர் வாயில் அம்மொழி உயிரோடிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது, பகை சூட்டும் பெயர். 1991 சூன் மாதம் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை வழங்கியது. டிசம்பரில் அது மைய அரசிதழில் வெளியாயிற்று. உடனே பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் தாக்கப்பட்டனர், வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. பல்லாயிரவர் கைக்குழந்தைகளோடு எல்லை கடந்து தமிழகம் வந்தனர். அவர்களுள் பலர் தலைமுறையாக அங்கு வாழ்ந்து கன்னடத்தைத் தம் மொழிபோல் பேசியவர்கள். நேற்று வரை கொத்தனார், கூலி ஆள், கடைக்காரர், அண்டை வீட்டார் என்று பல பெயர் பெற்றிருந்த மனிதர்க்கு அன்று ஒரே பெயர் எஞ்சியது: தமிழர். மற்ற எல்லாவற்றையும் பகை அழித்துவிட்டது.

என் வீட்டார் அந்நாளைப் பற்றி இன்றும் பேசுவர். தமிழ் பேசியதற்காக அங்கே ஒருவர் அடிபட்ட செய்தியை எங்கள் வீட்டில் கன்னடத்தில்தான் பேசிக் கலங்கினார்களாம். 'வெளியில் கொஞ்ச நாளைக்குத் தமிழிலேயே பேசுங்கள்' என்று பெரியவர்கள் பிள்ளைகளிடம் கூறினார்களாம். எங்கள் தெருவில் எந்தத் தீங்கும் நேரவில்லை. அண்டை அயலார் அரணாக இருந்தனர். எனினும் ஒரு தாய், தன் பிள்ளையிடம் தன் மொழியைத் தணிந்த குரலில் பேசச் சொன்ன நாள் அது. ஒருவனுடைய பல அடையாளங்களை அழித்து ஒன்றை மட்டும் நிறுத்துவதே வன்முறையின் முதற்படி என்று நான் கருதுகிறேன். கல்லும் தீயும் அதற்குப் பின்பே வருகின்றன.

எழுத்தில் நிலைத்தோர்

இரு அடையாளம் உடையவர் எந்த ஒன்றுக்கும் உண்மையாக இரார் என்று கூறுவாருண்டு. தமிழ் இலக்கியம் அக்கூற்றை மறுக்கிறது. கி. ராஜநாராயணன் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். தம் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து பெயர்ந்து வந்த கதையைக் 'கோபல்ல கிராமம்' (1976) எனத் தமிழில் வடித்தார். கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. அந்நாவலின் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. குடந்தையைச் சேர்ந்த எம்.வி. வெங்கட்ராம் சௌராட்டிர மொழியினர். நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ'யில் தமிழாக்கித் தந்தார். 'காதுகள்' நாவலுக்காக 1993-இல் அப்பரிசைப் பெற்றார். வீட்டுமொழி அவர்கள் தமிழைக் குறைத்ததா? இல்லை, வளர்த்தது.

வட்டார வழக்கிற்கும் சான்றுகள் உள. ஆர். சண்முகசுந்தரம் 1942-இலேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை இலக்கிய மேடையேற்றினார். நம் அண்டைப் பகுதியாகிய திருச்செங்கோட்டு மண்ணில் பிறந்த பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைத் தொகுத்தளித்தார். வகுப்பறையில் சிரிப்புக்கிடமான சொற்கள் அங்கே அகராதியில் தலைநிமிர்ந்து நிற்கின்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: மனிதனின் சமுதாய அடையாளம் ஒற்றை நூலன்று, பாவும் ஊடையுமாக நெய்த துணி. வீட்டுமொழி, வட்டார வழக்கு, தொழில், வழிபாடு, மண் ஆகிய இழைகள் அதில் பின்னிக் கிடக்கின்றன. எந்த இழை மேலே தெரிய வேண்டும் என்பதை இடமும் காலமும் முடிவு செய்யலாம். ஆனால் எந்த இழையையும் உருவி எறியும் உரிமை ஏட்டுக்கும் இல்லை, கூட்டத்துக்கும் இல்லை, கேலிச் சிரிப்புக்கும் இல்லை. உருவினால் கிழிவது துணி முழுவதுமே.

இன்று சேலம் வட்டார ஆலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகுகின்றனர். நம் முன்னோர் அணைக்கட்டுக்கு வந்த அதே பாதையில் வருபவர்கள் இவர்கள். இவர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. 'இந்திக்காரன்' என்ற ஒரே சொல்லில் போஜ்புரியும் மைதிலியும் ஒடியாவும் கரைந்து போகின்றன.

மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மட்டும் வழங்கும் பத்துச் சொற்களை, பொருளோடும் சொன்னவர் வயதோடும் எழுதித் தருவோம். தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் இணைந்து அவற்றைத் தொகுக்கலாம். நீர் சூழ்ந்த ஊர்களின் பெயர்கள், தறிச் சொற்கள், மலைச் சொற்கள், நோம்பிச் சொற்கள் ஆகிய யாவும் அதில் இடம்பெறட்டும். அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மூழ்கிய நந்தி நீர் வற்றினால் மீண்டும் தெரியும். மூழ்கிய சொல் அவ்வாறு தெரிவதில்லை. ஆகவே இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோம்.